கதவைத் தட்டுவது யார்? அமானுஷ்யக் கதைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பேய்க்கதை கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. மூலக்கொத்தளம் சுடுகாட்டு ஓரமாக ராத்திரி சைக்கிளில் வந்தவருக்குப் பின்னால் கேரியரில் திடீரென்று பாரம் ஏறியது, கால்வாய்க் கரையில் பீடிக்கு நெருப்புக் கேட்ட ஆளுக்குக் கால் இல்லாமல் போனது, நைட் ஷிப்டில் பூட்டிக் கிடந்த குடோனுக்குள்ளிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது என்று தெருவுக்கு நாலு கதையாவது தேறும். சொல்கிறவர் தனக்கு நடந்ததாகச் சொல்லமாட்டார். மச்சானுக்கு நடந்தது, மேஸ்திரிக்கு நடந்தது என்பார்.

இப்படிக் கேட்டு வளர்ந்தவர்களிடம் எழுத்தில் வந்த ஒரு நல்ல அமானுஷ்யக் கதையைக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் முடித்துவிட்டு, "இதுல பேய் எங்கப்பா? கடைசி வரைக்கும் வரவே இல்லையே" என்பார்கள். மீதிப் பேர் "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல" என்று பிரிக்காமலேயே திருப்பித் தருவார்கள். இந்த இரண்டு தரப்புக்காகவும்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இது பாடம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சிறுகதை என்று படித்து வந்த பழக்கம் மட்டும்தான். அந்தப் பழக்கத்தில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்: இந்தக் கதைகளில் பேய் வருவதும் வராததும் பெரிய விஷயமில்லை. பேய்தானா, இல்லையா என்று தீர்க்க முடியாத ஓர் இடத்தில் நம்மை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறது என்பதில்தான் கதையின் திறமை முழுவதும் இருக்கிறது.

ஓர் உதாரணம் கட்டிக்கொள்வோம். மண்ணடியில் ஒரு பழைய வீடு. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் ஒரே பொதுச்சுவர். மாடி அறை பூட்டியே கிடக்கிறது. முன்பு அங்கே குடியிருந்த அம்மாள் தையல் வேலை செய்தவர், இறந்து சில வருஷம் ஆகிறது. புதிதாகக் குடிவந்தவருக்கு ராத்திரி இரண்டு மணிக்குத் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. பொதுச்சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுச் சத்தம் வரலாம். தீபாவளி நெருங்குகிறது, யாராவது விடிய விடியத் தைத்துக்கொண்டிருக்கலாம். சரி, மறுநாள் விசாரிக்கிறார். பக்கத்து வீட்டில் தையல் மெஷினே இல்லை என்கிறார்கள். ஆனால் அப்படிச் சொன்ன பெண் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. பொய்யா? எதற்குப் பொய்? அன்று ராத்திரி சத்தம் வரவில்லை. காலையில் மாடிப்படியில் ஒரு நூல்கண்டு கிடக்கிறது. வீட்டுக்காரரின் குழந்தை எங்கிருந்தாவது எடுத்து வந்து போட்டிருக்கலாம்.

இந்தக் கதை மூன்று விதமாகப் போகலாம். பக்கத்து வீட்டில் கூலிக்கு ஆள் வைத்து ரகசியமாக ஒரு பட்டறை நடக்கிறது, புதிதாகக் குடிவந்தவருக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தார்கள் என்று முடிந்தால், அது விளக்கம் கிடைத்த கதை. அந்த அம்மாள் ஆவியாக வந்து, முடிக்காமல் விட்ட ரவிக்கையைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார், எல்லோரும் பார்த்தார்கள் என்றால், அது அற்புதக் கதை. அந்த உலகத்தில் ஆவி தைக்கும் என்பது விதி, அவ்வளவுதான். மூன்றாவது, நூல்கண்டோடு நிறுத்திவிடுவது. நாம் சுவருக்கும் ஆவிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம். பாரிஸில் வாழ்ந்த திறனாய்வாளர் ஸ்வெதான் தொதொரோவ் 1970-இல் எழுதிய நூலில் இந்த மூன்றாவது நிலையைத்தான் விசித்திரக் கதையின் உயிர் என்றார். வாசகர் தயங்கும் வரைக்கும்தான் அது விசித்திரம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வேறொரு வகைக்குப் போய்விடும். மற்ற வரையறைகளும் உண்டு, எல்லாக் கதையையும் இதில் அடக்கவும் முடியாது. ஆனால் புதிதாகப் படிக்க வருகிறவருக்கு இதைவிட உதவியான ஒரு சாவியை நான் பார்த்ததில்லை.

அற்புதத்துக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போனால் மகிழ மரத்தைக் காட்டுவார்கள். சுந்தரர் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று அந்த மரத்தடியில் சத்தியம் செய்தார், அதை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போனது என்று பெரியபுராணம் சொல்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிற யாருக்கும் அது கண் நோயாக இருக்குமோ என்று தோன்றாது. அந்தக் கதைக்குள் நுழையும்போதே நாம் வேறு ஒரு சட்டத்தை ஏற்றுக்கொண்டுதான் நுழைகிறோம். கலிங்கத்துப்பரணியில் வரும் பேய்களும் அப்படித்தான். பசிக்குது என்று புலம்பும், போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் அடுவதற்கு அடுப்பு மூட்டும். படிக்கிறபோது பயம் வராது, அந்தக் கற்பனையின் வேகம்தான் வரும்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இன்னும் நம் வீட்டுக்கு அருகில் தொடங்குகிறது. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் நிற்கிற கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பிள்ளைக்குத் தலை சுற்றவில்லை. இருவரும் காபி குடிக்கப் போகிறார்கள். கடவுளைப் பார்த்துத் திகைக்க அவருக்கு நேரமில்லை, தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா பிடிக்கிற கவலை இருக்கிறது. இதில் தயக்கமே கிடையாது. அதிசயத்தை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதுதான் கதையின் விசை. இதைப் படித்துவிட்டு பிராட்வே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் ஊரே கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும்.

விளக்கம் கிடைத்த வகையும் நமக்குப் பழக்கம்தான். எண்ணூர், மணலிப் பக்கத்துச் சதுப்பில் பெரியவர்கள் கொள்ளிவாய்ப் பிசாசு பார்த்ததாகச் சொல்வார்கள். மக்கும் பொருளிலிருந்து கிளம்பும் வாயு எரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். ஆங்கிலத்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆன் ராட்கிளிஃப் எழுதிய பெரிய நாவல்கள் இந்தப் பாணியில் புகழ் பெற்றவை. நூற்றுக்கணக்கான பக்கம் நடுங்க வைத்துவிட்டுக் கடைசியில் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிவிடுவார். தமிழில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இருக்கிறது. அதில் துப்புத் துலக்கும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் அமானுஷ்யமா அறிவியல் தந்திரமா என்று கடைசி வரை அலைவார்கள். தொலைக்காட்சியில் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' ஓடிய காலத்தில், கருப்பு நிஜமா, வேஷமா என்று ஊர் முழுக்க இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. விளக்கம் வந்ததும் கதை கொஞ்சம் சுருங்கிப்போகும் என்பது என் அபிப்பிராயம். சுஜாதா அந்தச் சுருக்கத்தைத் தவிர்க்கத் தெரிந்தவர். முடிவுக்காக அல்ல, அந்த அலைச்சலுக்காக அவரைத் திரும்பப் படிக்கலாம்.

இப்போது நடுவில் நிற்கிற கதைகளுக்கு வருவோம். புதியவர் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய 'தி மங்கீஸ் பா', அதாவது குரங்கின் பாதம். ஜேக்கப்ஸ் லண்டன் துறைமுகத்தை ஒட்டிய வாப்பிங்கில் பிறந்தவர், அப்பா ஒரு சரக்குத் துறையில் மேலாளர். கப்பல்காரர்கள், மூட்டை இறக்குகிறவர்கள் நடுவில் வளர்ந்து, அவர்களைப் பற்றி வேடிக்கைக் கதைகளாக எழுதிக் குவித்தவர். ஹார்பர் பிழைப்பு தெரிந்த நம் ஊருக்கு அவர் அந்நியர் இல்லை.

கதை இவ்வளவுதான். இந்தியாவில் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவர் காய்ந்துபோன குரங்குப் பாதம் ஒன்றை ஒரு வயதான தம்பதி வீட்டில் விட்டுப் போகிறார். ஒரு பக்கிரி மந்திரித்தது, மூன்று வரம் கொடுக்கும், ஆனால் வேண்டாம் என்று எச்சரித்துவிட்டுத்தான் போகிறார். வீட்டுக் கடன் பாக்கிக்காக அந்த அப்பா 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் மகன் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து ஆள் வருகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். கம்பெனி எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை, ஆனாலும் அவன் உழைப்பை மதித்து ஒரு தொகை தருகிறது. எவ்வளவு? 200 பவுண்டு.

இந்தக் கதையைத் தண்டையார்பேட்டையில் என் அத்தையிடம் வாய்மொழியாகச் சொன்னேன். மாமா பல வருஷம் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவர். குரங்கு, மந்திரம், பக்கிரி என்று நான் சொன்னதையெல்லாம் அத்தை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். தொகை வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. "பணத்தைக் குடுத்துட்டு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டானா?" என்று கேட்டார். அப்புறம், "அந்தப் பிள்ளையை அம்மா பாக்க வுட்டாங்களா?" என்றார். அடுத்து வரப்போகும் இரண்டாவது வரத்தை நான் இன்னும் சொல்லவே இல்லை. அத்தை அங்கே தானாகவே போய் நின்றுவிட்டார். அந்தத் தாயும் அதைத்தான் கேட்கிறாள். மகனைத் திரும்பக் கேள் என்று புருஷனை உலுக்குகிறாள். அப்பா தயங்குகிறார், ஏனென்றால் அந்த உடம்பை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். உடுப்பை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்திருக்கிறது. புதைத்தும் நாளாகிறது. வரம் கேட்கப்படுகிறது. நள்ளிரவில் வாசல் கதவு தட்டப்படுகிறது.

அப்புறம் என்ன என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நான் காட்ட விரும்புவது கதை கட்டப்பட்டிருக்கும் விதத்தை. இதில் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் சாதாரணக் காரணம் சொல்லலாம். தொழிற்சாலை விபத்து தினம் நடப்பது. தொகை பொருந்தியது தற்செயல். ராத்திரியில் கதவைத் தட்டியது யாராகவும் இருக்கலாம். மகனின் ஆவியை ஜேக்கப்ஸ் நமக்குக் காட்டவே இல்லை, தட்டும் ஓசை மட்டும்தான். அந்தக் கதவுக்கு வெளியே நிற்பதை நாம் ஒவ்வொருவரும் நம் மனத்துக்குள் வரைந்துகொள்கிறோம். அதை எந்த எழுத்தாளரும் அவ்வளவு துல்லியமாக வர்ணித்துவிட முடியாது. இன்னொன்று, கம்பெனி ஆள் பேசும் அந்தக் குளிர்ந்த, மரியாதையான பேச்சு. மந்திரப் பாதத்தைவிட எனக்கு அதுதான் நடுக்கம் தந்தது. அமானுஷ்யம் நிற்க உறுதியான தரை வேண்டும். வீட்டுக் கடன், வேலை, நஷ்ட ஈடு என்று அந்தத் தரை கெட்டியாக இருக்கும் அளவுக்குத்தான் மேலே வரும் விசித்திரமும் நிற்கும்.

அதே காரணத்துக்காக சார்லஸ் டிக்கன்ஸின் 'தி சிக்னல்மேன்' கதையையும் சொல்வேன். ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறந்தது, அந்தக் கதை வந்தது 1866-இல். உலகம் முழுவதும் தண்டவாளம் புதுசாக இருந்த காலம். அதற்கு முந்தைய வருஷம், 1865 ஜூன் 9 அன்று, ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்ற ஊரில் நடந்த ரயில் விபத்தில் டிக்கன்ஸே மாட்டிக்கொண்டார். பாலத்தில் தண்டவாளத்தைக் கழற்றி வேலை செய்துகொண்டிருந்தவர்களின் மேஸ்திரி, வண்டி வரும் நேரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டார். பத்துப் பேர் இறந்தார்கள். டிக்கன்ஸ் காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அதற்கப்புறம் ரயிலில் ஏறினாலே அவருக்கு நடுக்கம் வந்தது.

கதையில் ஒரு சிக்னல் ஊழியர். இரண்டு பக்கமும் ஈரப் பாறை உயர்ந்து நிற்கும் ஆழமான பள்ளத்தில், குகைப் பாதையின் வாய்க்குப் பக்கத்தில் அவர் கேபின். மேலிருந்து ஒருவர் அவரைக் கூப்பிடுகிறார். கூப்பிட்டால் எவரும் மேலே பார்ப்பார்கள். இவர் திரும்பிக் குகைப் பக்கம் பார்க்கிறார். கதையின் முதல் பக்கத்திலேயே வரும் இந்த ஒரு அசைவு போதும், ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். அதே வார்த்தைகளைச் சொல்லிக் கூப்பிடும் ஓர் உருவத்தை அவர் குகை வாயிலில் பார்த்திருக்கிறார். அது வந்து போனபின் ஒவ்வொரு முறையும் ஒரு சாவு. இப்போது மறுபடி வந்திருக்கிறது.

அந்த மனிதர் படும் வேதனை என்னவென்று கவனியுங்கள். ஆபத்து வருகிறது என்று தெரியும், என்ன ஆபத்து, எங்கே என்று தெரியாது. தந்தி அடித்தால் மேலிடத்தில் கேட்பார்கள்: என்ன ஆபத்து? எங்கே? தெரியாது என்று சொன்னால் வேலை போகும். சொல்லாமல் இருந்தால் உயிர் போகும். பெரம்பூர், பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே குடும்பங்கள் நிறைய. அப்படிப்பட்ட ஒரு வீட்டு நண்பரிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். "பேய் பார்த்துட்டு பயப்படல அண்ணே அவரு. டூட்டில இருக்கறப்போ பார்த்துட்டாரு, அதான் பயம்" என்றார். இந்தக் கதையைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. மனம் கலங்கிய ஒரு தனிமையான ஊழியரின் பிரமை என்று இதைப் படிக்க முடியும். உருவம் நிஜம் என்றும் படிக்க முடியும். முடிவு இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இந்த இரட்டைப் பிடியை ஒரு விதி மாதிரியே சொன்னவர் எம். ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜில் பழைய சுவடிகளை ஆராய்ந்த அறிஞர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களை உட்கார வைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தான் எழுதிய பேய்க்கதையை வாசித்துக் காட்டுவார். முதல் தொகுப்பு 1904-இல் வந்தது. சாதாரணக் காரணத்துக்கு ஒரு சந்து விட்டு வை, ஆனால் அதில் யாரும் நுழைய முடியாத அளவுக்கு அந்தச் சந்து குறுகலாக இருக்கட்டும் என்பது அவர் கருத்து. பாத்திரங்களை முதலில் நிம்மதியாக அவரவர் வேலையைச் செய்ய விடு, அந்தப் பொல்லாதது ஓரமாகத் தலை காட்டட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கட்டும் என்றும் சொன்னார். நல்ல பேய்க்கதையில் முதல் சில பக்கம் எதுவும் நடக்காதது போல இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டினால் கதை போச்சு.

பேயை நம்புகிறீர்களா என்று அவரைக் கேட்டபோது, ஆதாரம் வந்தால் பரிசீலிப்பேன், திருப்தியாக இருந்தால் ஏற்றுக்கொள்வேன் என்றார். நம்பிக்கை இல்லை என்று புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. தெருவில் சொல்லும் கதை நம்மை நம்பவைக்கப் பார்க்கிறது, அதனால்தான் இடம், ஆள், மரம் எல்லாம் குறிப்பிட்டுச் சொல்வார்கள். எழுதிய கதைக்கு நம் நம்பிக்கை வேண்டாம். கதை முடியும் வரை நாம் தீர்ப்பைத் தள்ளிவைத்தால் போதும். சொல்லப்போனால் நம்பாதவருக்குத்தான் இதில் லாபம் அதிகம். பேய் உண்டு என்று உறுதியாக இருப்பவர் தயங்க மாட்டார். சந்தேகப்படுகிறவருக்குத்தான் அந்தக் குறுகிய சந்தில் நிற்கும் அனுபவம் முழுசாகக் கிடைக்கும்.

பயத்திலும் வகை உண்டு. ராட்கிளிஃப் இறந்தபின் 1826-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்று, திகிலையும் அருவருப்பு கலந்த அச்சத்தையும் பிரித்துப் பேசுகிறது. வரப்போவதை எண்ணி வரும் திகில் மனத்தை விரியச் செய்து புலன்களைக் கூர்மையாக்கும், கண் முன்னால் கோரத்தைக் காட்டும் அச்சம் மனத்தைச் சுருக்கி உறைய வைக்கும் என்கிறார். ரத்தமும் அழுகலுமாகக் காட்டும் கதைகளைப் படித்துவிட்டு "எனக்கு இந்த வகையே ஒத்துக்காது" என்று ஒதுங்கியவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாதது இரண்டாவது வகை. முதலாவதை அவர்கள் இன்னும் ருசித்தே பார்த்திருக்கமாட்டார்கள். மனோதத்துவ அறிஞர் ஃப்ராய்டும் 1919-இல் இதைத் தொட்டார். முற்றிலும் புதிய ஒன்றைவிட, நமக்கு நன்றாகப் பழகியது அந்நியமாகத் தெரியும்போதுதான் உள்ளுக்குள் சில்லிடும் என்பது அவர் கட்டுரையின் சாரம். நம் வீட்டு மாடிப்படி, நம் அம்மாவின் குரல், தினம் போகும் தெரு.

அந்தச் சில்லிப்பைத் தமிழில் உணர வேண்டுமானால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. 1943-இல் வந்தது, இன்றுவரை அதைத் தாண்டிய ஒரு பேய்க்கதையைத் தமிழில் நான் படிக்கவில்லை. கதை சொல்கிறவன் ஓர் எழுத்தாளன். பிச்சைக்கு வந்த ஒரு பெண்ணை அவன் மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் வருவதற்கு முன்பே ராத்திரியில் வீட்டுக்குள் பிணம் எரிகிற நாற்றம் அடிக்கிறது. மனைவிக்கு அவளைப் பிடித்திருக்கிறது, கணவனுக்கு மட்டும் கலக்கம். கற்பனை செய்து பிழைப்பவன் என்பதால் அவன் பார்த்ததை அப்படியே நம்பவும் முடியவில்லை. பயந்தவன் சொல்கிறான் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. வந்தவள் யார், என்ன நடந்தது என்று கதை கடைசிவரை கணக்குத் தீர்ப்பதில்லை. மூலக்கொத்தளம், காசிமேடு சுடுகாட்டுப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்த நாற்றம் பற்றிய வரிகள் சும்மா வர்ணனை இல்லை. காற்று திரும்பும் ராத்திரிகளில் சன்னலைச் சாத்திப் பழகியவர்கள் நாம். பழகிய ஒன்றை எடுத்து நம் படுக்கையறைக்குள்ளேயே வைத்துவிடுகிறார் புதுமைப்பித்தன்.

இதற்கும் அப்பால் ஒரு வகை இருக்கிறது. அதில் பேயா என்றுகூடக் கேட்க முடியாது. ஏதோ தப்பாக இருக்கிறது, என்ன என்று சொல்லத் தெரியாது. ராபர்ட் ஐக்மன் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் தன் கதைகளைப் பேய்க்கதை என்று அழைக்காமல் விசித்திரக் கதைகள் என்றே அழைத்தார். அவரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தி உண்டு. கவனிப்பாரற்றுத் தூர்ந்துபோய்க்கொண்டிருந்த கால்வாய்களைக் காப்பாற்ற 1946-இல் ஒரு சங்கம் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். கூட நின்றவர் எல். டி. சி. ரோல்ட். இயந்திரத் தொழிலாளியாகப் பயிற்சி பெற்று, படகிலேயே குடியிருந்தவர். ரோல்ட் 1948-இல் வெளியிட்ட பேய்க்கதைத் தொகுப்பில் அரண்மனையும் மாளிகையும் தேடினாலும் அதிகம் கிடைக்காது. ரயில் பாதை, வார்ப்படப் பட்டறை, கால்வாய் என்று உழைக்கிற இடங்கள்தான். அந்தச் சங்கத்தில் செயலாளராக இருந்த எலிசபெத் ஜேன் ஹோவர்ட், ஐக்மனோடு சேர்ந்து 1951-இல் ஒரு தொகுப்புக் கொண்டுவந்தார். அதில் ஹோவர்ட் எழுதிய 'த்ரீ மைல்ஸ் அப்' கதையில் இரண்டு நண்பர்கள் படகில் போகிறார்கள், வழியில் ஒரு பெண் சேர்ந்துகொள்கிறாள், வரைபடத்தில் இல்லாத ஒரு கிளைக் கால்வாய்க்குள் படகு திரும்புகிறது. மேலே சொல்லமாட்டேன்.

இதைப் படித்தபோது பக்கிங்காம் கால்வாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே தொடங்கியது. 1877-78 பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாத சனங்கள் நிவாரணக் கூலிக்குத் தோண்டிய பகுதியும் அதில் இருக்கிறது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன தண்ணீர் அது. ஒரு கால்வாய்க்குள் எத்தனை கதை கிடக்கும் என்று ஹோவர்டுக்கும் ரோல்ட்டுக்கும் தெரிந்திருந்தது. நம் பக்கத்தில் யாராவது பட்டறை, கப்பல்தளம், கால்வாய் இவற்றில் வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்து எழுதினால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

ஐக்மனின் 'ரிங்கிங் தி சேஞ்சஸ்' 1955-இல் வந்தது. புதுசாகக் கல்யாணமான தம்பதி ஒரு கடலோர ஊருக்குப் போகிறார்கள். ஊரில் தேவாலய மணிகள் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கின்றன. இருட்டில் கடற்கரைக்குப் போகிறார்கள். நாற்றம் அடிக்கிறது, மணல் இருக்கிறது, நடக்க நடக்கக் கடலை மட்டும் காணவில்லை. காசிமேட்டுக் காற்றில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் எவ்வளவு நடுக்கம் தரும் என்று சொல்லத் தேவையில்லை. ஏன் இதெல்லாம் நடக்கிறது என்று ஐக்மன் முழுசாக எடுத்துச் சொல்வதில்லை. முதல் தடவை படிக்கும்போது புரியவில்லையே என்று எரிச்சல் வரலாம். அந்த எரிச்சல் இரண்டு நாளில் போய்விடும், கதை போகாது.

அமெரிக்காவின் லவ்கிராஃப்ட் பற்றியும் கேட்பீர்கள், இணையத்தில் எங்கு பார்த்தாலும் அவர் பெயர் வருகிறது. 1923-இல் தொடங்கிய 'வியர்ட் டேல்ஸ்' என்ற மலிவு இதழில் எழுதியவர். மனிதர்களைப் பொருட்படுத்தவே படுத்தாத பிரம்மாண்டமான சக்திகள் பிரபஞ்சத்தில் இருக்கின்றன என்பது அவர் பயம். கற்பனை பெரிது, மொழி கனம். முதல் புத்தகமாக வேண்டாம்.

எப்படிப் படிப்பது என்று சிலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நாவலில் ஆரம்பிக்காதீர்கள். தயக்கத்தை நானூறு பக்கத்துக்கு இழுத்துப் பிடிக்க மிகச் சிலரால்தான் முடியும். சிறுகதை அதற்கென்றே பிறந்த வடிவம். ஒரு ராத்திரிக்கு ஒரு கதை போதும். தொகுப்பு முழுவதையும் ஒரே மூச்சில் படித்தால் மூன்றாவது கதையிலேயே சூத்திரம் தெரிந்து, அச்சம் மரத்துப்போகும். நடுவில் போனைப் பார்க்காதீர்கள். இந்தக் கதைகள் ஒரே அமர்வில் படிக்கவென்று அளந்து எழுதப்பட்டவை. சத்தமாக வாசிக்க ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது, கரண்ட் போன நேரத்தில் வீட்டில் பிள்ளைகளை வைத்து வாசித்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் 'குரங்கின் பாதம்' வேண்டாம். அது பேயைவிட மகனைப் பறிகொடுத்த வீட்டைப் பற்றிய கதை.

புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையானவை, இணைய நூலகங்களில் காசில்லாமல் படிக்கலாம். டிக்கன்ஸ், ஜேக்கப்ஸ், எம். ஆர். ஜேம்ஸின் பழைய கதைகள் ஆங்கிலத்தில் அப்படியே கிடைக்கும். 'காஞ்சனை'யில் தொடங்குங்கள். மறுவாரம் 'குரங்கின் பாதம்', அப்புறம் 'சிக்னல்மேன்'. இந்த மூன்றும் பிடித்திருந்தால் எம். ஆர். ஜேம்ஸுக்குப் போகலாம். ஐக்மனை அதற்கும் அப்புறம் எடுங்கள். அவர் புத்தகங்களுக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும், கன்னிமாரா மாதிரி பெரிய நூலகத்தில் முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.